ஒரு வருஷம் பொறுக்கட்டும்

பருத்தித்துறை
9.3.1986

அன்புள்ள மகன் சண்முகநாதனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் தங்கச்சி நாகேஸ்வரியும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் தனிக்கதை. உன் சுகத்தை, சளி பிடித்திருக்கிறதா இல்லையா என்பதுவரை, விபரமாக எழுதச் சொல்லுகிறாள்.

முதலில் என் வெட்கக்கேடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் எழுதி நீ அறிவதைவிட அது நல்லது. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கழகத்துக்கு அரையிறுதி உதைபந்தாட்டம். வழமைபோல மைக் என் கையில். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுச் சைக்கிள் கடை வைத்திருப்பவனுக்கு ஊர் தந்த ஒரே உத்தியோகம் அதுதான். எங்கள் அணியை அறிமுகம் செய்யும்போது, "கோல் கீப்பர், முத்துக்குமாரு சண்முகநாதன்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டேன். நீ ஜெர்மனிக்குப் போய்ப் பத்து மாதம். கோலுக்குள் நின்ற உன் மச்சான் ஆழ்வாப்பிள்ளை கையைத் தூக்கி, "மாமா, நான்தான் இஞ்சை நிக்கிறன்" என்று கத்தினான். "சண்முகம் பிளேனிலை வந்துகொண்டிருக்கிறான், இடைவேளைக்கு முன்னம் இறங்கிடுவான்" என்று சமாளித்தேன். மைதானம் இன்னும் சிரித்தது. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லையாம். அன்று இரவு எனக்குச் சோற்றுக்குச் சொதி கிடைக்கவில்லை.

நாலுக்கு மூன்று என்று வென்றோம். மூன்றும் ஆழ்வாப்பிள்ளை விட்டது. இறுதியாட்டம் ஆனி மாதம், குருநகர்க் கழகம் ஒன்றோடு. கோலுக்கு யாரை நிறுத்துவது என்பதுதான் இப்போது ஊர் முழுக்கக் கதை. போன வருஷம் தையில் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த அடைக்கலநாதனை உனக்குத் தெரியும். நீ போகும்வரை உன்னோடு கடற்கரையில் பயிற்சி எடுத்தவன். வயது பதினேழு. பெரிய ஆட்டம் ஒன்றிலும் இன்னும் இறங்கவில்லை.

தலைவர் தம்பிராசா அண்ணை என் கடைக்கு வந்து, "பொடியன் கெட்டிக்காரன்தான். ஆனா வாய் திறக்கிறானில்லை. கீப்பர் எண்டால் பின்னுக்கு நிண்டு கத்தவேணுமெல்லே" என்கிறார். காரியதரிசி இளையதம்பி, "கோணர் அடிக்கிற நேரம் உவன் சிலுவை போடுறான். போட்டு முடியிறதுக்குள்ளை பந்து உள்ளுக்கை போயிடும்" என்கிறார். குருநகர்ப் பொடியன் குருநகருக்கு எதிராக மனம் வைத்து நிற்பானோ என்றும் ஒரு கேள்வி. கடைசியில் கமிட்டி உன்னிடமே விட்டுவிட்டது. "ஆறு வருஷம் கோலுக்கு நிண்டவன் சொன்னால் மறுபேச்சில்லை" என்று தம்பிராசா அண்ணை கூட்டக் குறிப்பிலேயே எழுதுவித்தார். ஆகையால் உன் எண்ணத்தை எழுதி அனுப்பு. நான் கூட்டத்தில் வாசிக்கிறேன்.

குளிருக்குக் காதை மூடு.

அன்புள்ள அப்பா,
மு.


ஸ்ருட்காட்
2.4.1986

அன்புள்ள அப்பா, அம்மா, தங்கச்சிக்கு,

சண்முகம் எழுதுவது. சுகம். சளி இல்லை. அம்மா முழங்காலுக்கு எண்ணெய் பூசுவதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நான் இங்கே ஒரு ஜெர்மன் கழகத்துக்கும் விளையாடவில்லை. அகதிகள் விடுதிக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் உதைக்கிறோம். நான் இங்கே பெரிய கழகத்துக்கு விளையாடுவதாக நீங்கள் மைக்கில் சொல்வதாக ஊரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். இனிச் சொல்லவேண்டாம்.

கமிட்டி கேட்டதற்குப் பதில்: ஆனியில் சோளகக் காற்று மைதானத்துக்குக் குறுக்காக அடிக்கும். உயரமாக வரும் பந்து நடுவழியில் திரும்பும். அடைக்கலம் பந்தைப் பார்ப்பதற்கு முன் காற்றைப் பார்ப்பவன். மச்சான் பந்தை மட்டும் பார்ப்பார். அவன் கத்தமாட்டான் என்பது உண்மை. அப்படியென்றால் பின்னால் நிற்கும் இரண்டு பேரும் கத்தட்டும். அடைக்கலநாதன் ஆயத்தம். இறுதியாட்டத்துக்கு அவனையே இறக்குங்கள். இதை மச்சானின் முகத்துக்கு நேரேயும் சொல்வேன், அவர் கோபிக்கமாட்டார்.

என்னை முதலில் இறக்கியபோது எனக்குப் பதினாறு. ஆயத்தமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
சண்முகம்


பருத்தித்துறை
4.5.1986

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்து நாங்கள் பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் நடக்கச் சொன்னார், அவள் பஸ்ஸில் திரும்பி வந்தாள். ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஒன்றுக்கு உன் பெயரை வைப்போம் என்று நாகேஸ் சொல்ல, அம்மா அகப்பையைத் தூக்கினாள். நேவிக்காரர் கடலுக்குப் போக விடுகிறார்களில்லை என்பதால் மீன் விலை ஏறிவிட்டது. என் கடையில் காற்று அடிக்க வருகிறவர்கள்தான் கூட.

கமிட்டிக் கூட்டம் வெள்ளிக்கிழமை நடந்தது. உன் கடிதத்தை வாசித்தேன். எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். ஆழ்வாப்பிள்ளையே நிற்பது என்று தீர்மானம்.

மழை இல்லை. வெயில் கடுமை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. தபால்காரர் உன்னை விசாரித்தார்.

இப்படிக்கு,
அப்பா


ஸ்ருட்காட்
28.5.1986

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். ஆட்டுக்குட்டிக்கு என் பெயரை வைக்கலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை.

நான் எழுதியதற்கு மாறாகத் தீர்மானம் வந்தது கமிட்டியின் விருப்பம். ஆனால் மறுபேச்சில்லை என்று அவர்களே குறிப்பில் எழுதியதாகச் சொன்னீர்கள். காற்றைப் பற்றி எழுதியதற்குத் தம்பிராசா அண்ணை என்ன சொன்னார்? அறிய ஆசை.

அம்மாவை நடக்கச் சொல்லுங்கள்.

சண்முகம்


பருத்தித்துறை
30.6.1986

அன்புள்ள மகனுக்கு,

வென்றுவிட்டோம். ஒன்றுக்குப் பூச்சியம். சோளகம் அன்று எங்கள் பக்கம் நின்றது. எங்கள் பொடியன் அடித்த பந்து கோலுக்கு வெளியே போகப் புறப்பட்டு, காற்று பிடித்து உள்ளே தள்ளியது. ஆழ்வாப்பிள்ளையிடம் பந்து மூன்று முறைதான் வந்தது. இரண்டு வெளியே போனது, ஒன்று கம்பத்தில் பட்டது. அவன் ஒன்றையும் தொடவில்லை.

கேடயம் கொடுத்த பிறகு தம்பிராசா அண்ணை என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, "ஜெர்மனியிலை இருந்து சரியான புத்தி சொன்ன சண்முகநாதனுக்குப் பதிலா தகப்பனுக்கு மாலை" என்று எனக்குப் போட்டுவிட்டார். அது கதம்ப மாலை. கழுத்து இரண்டு நாள் கடித்தது. பூவில் பூச்சி இருந்திருக்கவேண்டும்.

அடைக்கலநாதன் ஆட்டம் முழுக்க அணிக்குத் தாகம் தீரத் தேசிக்காய் வெட்டிப் பிழிந்து கொடுத்தான். முடிந்த பிறகு என்னிடம் வந்து, "ஐயா, அண்ணைக்கு ஒரு கடிதம் போடவேணும். விலாசம் தாறியளோ?" என்று கேட்டான். சிகரெட் பெட்டி மட்டையில் எழுதிக் கொடுத்தேன். இலக்கங்களைச் சரியாகத்தான் எழுதினேன்.

அம்மா இப்போது கோயில்வரை நடக்கிறாள்.

அப்பா


பருத்தித்துறை
7.7.1986

அன்புள்ள சண்முகம் அண்ணைக்கு,

அடைக்கலநாதன் எழுதுவது. நானும் அம்மாவும் கர்த்தர் கிருபையால் சுகம். நீங்களும் அப்படியே இருக்கவேண்டும். உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தரம். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

நான் கெட்டிக்காரன், காற்றைப் பார்ப்பவன், ஆனால் இன்னும் ஒரு வருஷம் பொறுக்கட்டும் என்று நீங்கள் எழுதியதாகத் தலைவர் சொன்னார். முதலில் மனம் நொந்தது உண்மை. இரண்டு நாள் மைதானத்துக்குப் போகவில்லை. பிறகு யோசித்தேன். என்னோடு விளையாடிப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். மற்றவர்கள் சொன்னால் குருநகரான் என்பதற்காகச் சொல்லுகிறார்கள் என்று நினைத்திருப்பேன். நீங்கள் சொன்னால் அது விளையாட்டைப் பற்றித்தான்.

எதில் எனக்குக் குறை என்று மட்டும் எழுதினால் அதைத் திருத்துவேன். கத்தாததா? பந்தைப் பிடிக்காமல் குத்தி விடுவதா? அம்மாவின் மீன் கூடையைச் சந்தையில் இறக்கிவிட்டு, விடிய ஐந்து மணிக்குக் கடற்கரையில் ஓடுகிறேன்.

அங்கே குளிர் என்று சொன்னார்கள். உடம்பைக் கவனிக்கவும்.

தங்கள் தம்பி,
அடைக்கலநாதன்


ஸ்ருட்காட்
12.8.1986

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். அம்மா கோயில்வரை நடப்பது நல்ல செய்தி. நாகேசின் கலியாணப் பேச்சு எந்த அளவில் இருக்கிறது?

அடைக்கலம் எனக்குக் கடிதம் போட்டிருந்தான். மூன்று கிழமை வைத்திருந்து நேற்றுத்தான் பதில் எழுதினேன்.

வேறு விசேஷம் இல்லை.

சண்முகம்


பருத்தித்துறை
26.10.1986

அன்புள்ள மகனுக்கு,

நாலு மாதத்துக்குக் கிட்ட நான் எழுதவில்லை. தபால் ஓடவில்லை என்று எழுதலாம், அதுவும் பாதி உண்மை. மூன்று முறை தொடங்கினேன். மூன்றிலும் ஆட்டுக்குட்டியோடு நின்றுவிட்டது.

போன கிழமை அடைக்கலநாதன் கடைக்கு வந்தான். உன் கடிதத்தை மழை படாமல் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தான். "ஜெர்மனியிலை இருந்து எனக்கு வந்தது, ஐயா" என்று நீட்டினான். டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு வாசித்தேன். "ஓம் தம்பி, நான் எழுதினதுதான். உன்னில் குறை இல்லை. ஒரு வருஷம் பொறு. கோபிக்காதே" என்று எழுதியிருந்தாய்.

நீ இதைக் கண்டுபிடித்து என்னை ஏசி எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு இல்லை. என் பொய்யை உன் கையெழுத்தில் வாசித்தபோது, மகனே, பொடியனுக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றவும் தெரியவில்லை, போட்டிருக்கவும் தெரியவில்லை.

நடந்ததைச் சொல்லுகிறேன். கூட்டத்துக்கு முதல் நாள் உன் மாமி சிவக்கொழுந்து வந்தாள். நாகேசுக்கு ஆழ்வாப்பிள்ளையைப் பேசி முடிக்கிற நேரம். கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே கதைத்தாள். "அண்ணை, கலியாணத்துக்கு முன்னம் என்ரை பிள்ளையை ஊருக்கு முன்னாலை கோட்டுக்கு வெளியிலை குந்தவைக்கப் போறியளோ? பதினேழு வயதுப் பொடியனுக்காக? அப்பிடியெண்டால் நாகேசுக்கு வேறை இடம் பாருங்கோ." இதைச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியும் குடியாமல் போனாள்.

அடுத்த நாள் உன் கடிதத்தை வாசித்தேன். 'காற்றைப் பார்ப்பவன்' என்பதுவரை உன் எழுத்து. அதற்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தேன். திரும்பப் போட்டுக்கொண்டு வாசித்தது என் எழுத்து. 'ஆனால் இன்னும் ஒரு வருஷம் பொறுக்கட்டும் என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம்.' தாழ்மையான அபிப்பிராயம் என்று நீ பிறந்ததிலிருந்து ஒருநாளும் சொன்னதில்லை. ஒருவரும் சந்தேகப்படவில்லை. "பாத்தியளோ, அங்கை போயும் பொடியனுக்கு நிதானம்" என்றார் தம்பிராசா அண்ணை. மைக் பிடித்துப் பழகிய வாய்க்கு ஒரு வசனம் மாற்றுவது எவ்வளவு லேசு என்று அன்றுதான் கண்டேன்.

இன்னும் கேள். ஆவணியில் கலியாணப் பேச்சு முற்றாகி நாளும் வைத்தாயிற்று. போன மாதம் ஆழ்வாப்பிள்ளை தனியே வந்து, "மாமா, என்ரை வலது தோள் தையோடை போச்சு. மேலை தூக்க ஏலாது. சண்முகம் என்னை நிப்பாட்டச் சொல்லி எழுதுவான், மரியாதையா ஒதுங்கலாம் எண்டு காத்திருந்தனான். அவன் என்னைக் கவுத்துப்போட்டான்" என்றான். தன் தாய்க்குச் சொல்லப் பயந்து தோளை மறைத்திருக்கிறான். நானும் அவளுக்குப் பயந்து உன் கடிதத்தை மறைத்தேன். கோலுக்கு அவளையே நிறுத்தியிருக்கலாம்.

சிரிக்க எழுதுகிறேன் என்று நினையாதே. எனக்கு வேறு விதமாக எழுதத் தெரியாது.

உன் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. உன்னைச் சுகம் கேட்கிறாள்.

அப்பா


ஸ்ருட்காட்
22.11.1986

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. காதை மூடியிருக்கிறேன்.

அவனுடைய கடிதத்தை வாசித்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. உண்மையை எழுதினால் ஊரில் நீங்கள் எப்படி மைக் பிடிப்பீர்கள் என்று யோசித்தேன். அதனால் அப்படி எழுதினேன். எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்து சாப்பிட மனம் வரவில்லை. எதில் குறை என்று அவன் கேட்டிருந்தான், அப்பா. ஒரு குறையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு பொய் நான் எழுதமாட்டேன். உண்மையையும் நான் எழுதமாட்டேன். அது நீங்கள் வாயால் சொல்லவேண்டியது. கமிட்டிக்கு வேண்டாம், அவனுக்கு மட்டும் சொன்னால் போதும்.

எனக்கு உங்களில் கோபம் இல்லை. அம்மாவின் காலைக் கவனியுங்கள்.

சண்முகம்


பருத்தித்துறை
18.1.1987

அன்புள்ள மகனுக்கு,

பொங்கல் சுகமாக முடிந்தது. அம்மா, நாகேஸ், மருமகன், ஆட்டுக்குட்டி எல்லோரும் நலம். கார்த்திகையில் நடந்த கலியாணப் படங்களைக் கடைக்காரன் இன்னும் கழுவித் தரவில்லை. வந்ததும் அனுப்புவேன். நீ குளிரில் வருந்தாமல் இருக்க அம்மா பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறாள்.

பொங்கலுக்கு மறுநாள் ஒரு கேடயத்துக்கான ஆட்டங்கள் வைத்திருந்தோம். ஆழ்வாப்பிள்ளை தோளைச் சொல்லி விலகிவிட்டான். மாமி முகத்தை ஒரு கிழமை தூக்கி வைத்திருந்து பிறகு இறக்கிவிட்டாள். இனி அடைக்கலநாதன்தான் என்று கமிட்டி ஒரு நிமிஷத்தில் முடித்தது. அவன் மறுத்துவிட்டான். "சண்முகம் அண்ணை ஒரு வருஷம் எண்டவர். வைகாசியிலைதான் வருஷம் முடியுது. அதுக்கு முன்னம் இறங்கமாட்டன்" என்கிறான். இளையதம்பி கெஞ்சினார். தம்பிராசா அண்ணை ஏசினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றானாம். கோலுக்கு ஆள் இல்லை. "முத்துக்குமாரு, உன்ரை மகன் போட்ட கட்டு. நீயே போய் அவிழ்" என்று என்னை அனுப்பினார்கள்.

உன் சித்திரைக் கடிதத்தை மேசை லாச்சியிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். அவன் கையில் கொடுத்து, வாசி தம்பி, இதுதான் அண்ணை எழுதினது, நான்தான் மாற்றினேன் என்று சொல்வதாகத் தீர்மானம். வழி முழுக்கச் சைக்கிளில் சொல்லிப் பார்த்தேன். எதிரே வந்த ஒருவர் என்னோடுதான் கதைக்கிறீர்களா என்று இறங்கி நின்றார்.

அவன் தாய் செல்வநாயகி மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கைகழுவிவிட்டுத் தேத்தண்ணி தந்தாள். நான் வாயெடுக்க முன்னம் அவளே தொடங்கிவிட்டாள். "உங்கடை மகன்ரை சொல்லுக்காகத்தான் ஐயா உவன் விடியவிடிய ஓடுறான். தேப்பன் கடலிலை போனதுக்குப் பிறகு உவன் ஒருத்தற்றை சொல்லையும் இப்பிடிக் கேட்டதில்லை. அந்தத் தம்பிக்கு நான் தினமும் செபம் சொல்லுறனான்."

அடைக்கலநாதன் கதவோடு நின்றான். "என்ன ஐயா, அண்ணை ஏதும் எழுதினவரோ?"

"ஓம்," என்றேன்.

"என்னெண்டு?"

கடிதத்தை எடுத்தேன். அவன் கையில் கொடுக்கவில்லை. திகதியின்மேல் பெருவிரலை வைத்துக்கொண்டு நானே வாசித்தேன். இப்போது வாடைக்காற்று என்பதால் ஆனியையும் சோளகத்தையும் இறுதியாட்டத்தையும் விழுங்கினேன். 'அடைக்கலநாதன் ஆயத்தம்' என்ற இடத்தில் மட்டும் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. ஒன்பது மாதம் பிந்தியென்றாலும் நீ எழுதியதை எழுதியபடி வாசித்தேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பெருவிரலை மட்டும் திகதியிலிருந்து எடுக்கவில்லை.

"திரும்ப ஒருக்கால் வாசியுங்கோ ஐயா" என்றான். வாசித்தேன். அவன் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் இறங்கினான். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம், ஆனால் தோல்வி அவனால் அல்ல. உள்ளே போகவேண்டிய ஐந்தாறு பந்தைத் தட்டிவிட்டான். ஒன்றைக் கம்பத்துக்கும் கைக்கும் இடையில் எப்படிப் பிடித்தான் என்று எனக்கு மைக்கில் சொல்லத் தெரியவில்லை. வெறும் "ஐயோ" என்று கத்தினேன். எதிரணிக்காரரும் கைதட்டினார்கள். "இவ்வளவு நாளும் இவனை எங்கை வைச்சிருந்தியள்?" என்று கேட்டார்கள். தம்பிராசா அண்ணை, "எல்லாம் சண்முகநாதன்ரை கணக்கு. ஆளைப் பழுக்கவிட்டு இறக்கினவன்" என்று பதில் சொன்னார். நான் மைக் வயரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

உன்மேல் இன்னொரு பழி சுமத்திவிட்டேன். அவன் உனக்கு நன்றி எழுதுவான். நீ என்ன பதில் எழுதவேண்டும் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. பொய் எழுதமாட்டேன் என்றாய், எழுதாதே. இம்முறை நீ எழுதியதைத்தான் அவன் கேட்டான் என்பது ஒன்றுதான் நான் உனக்குச் சொல்லக்கூடிய ஆறுதல்.

அம்மாவும் நாகேசும் அன்பைத் தெரிவிக்கிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
முத்துக்குமாரு

ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இடம் கிடக்கிறது. எங்கள் ஆட்டம் முடிந்த கையோடு அடைக்கலநாதன் நான் இருந்த மேசைக்கு வந்தான். முழங்கையில் தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது. "ஐயா, அண்ணைக்கு எழுதுங்கோ. அவர் நேரம் பாத்துத்தான் சொன்னவர் எண்டு இப்பதான் எனக்கு விளங்குது" என்றான். மைக் என் கையில் இருந்தது. சுவிட்ச் அணைத்தும் இருந்தது. சொல்லியிருந்தால் அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும். நான் சுவிட்சைப் போட்டு, அடுத்த ஆட்டம் நாலரை மணிக்கு என்று ஊருக்கு அறிவித்தேன். அவனுக்குச் சொல்லாமல் விட்டது இதுதான்: தம்பி, உன்னைக் குந்தவைச்சது என்ரை மகன் இல்லை, நான்.